குறைக்கடத்தி நானோ கட்டமைப்புகளில் திரிபு

குறைக்கடத்தி நானோ கட்டமைப்புகளில் திரிபு என்பது, சில நானோமீட்டர் முதல் சில நூறு நானோமீட்டர் வரை அளவுள்ள குறைக்கடத்திப் படலங்கள், கம்பிகள், புள்ளிகள் ஆகியவற்றில் அணுக்களுக்கு இடையிலான தொலைவு அதன் இயல்பான அளவிலிருந்து கூடியோ குறைந்தோ இருக்கும் நிலையைக் குறிக்கும். அணுக்களின் இடைத்தொலைவு மாறும்பொழுது அப்பொருளின் ஆற்றல் பட்டைகளும் மாறுகின்றன. இதனால் எதிர்மின்னிகள் (எலக்ட்ரான்கள்) நகரும் விரைவு, பொருள் உமிழும் ஒளியின் நிறம், ஒளியின் முனைவாக்கம், ஒளி உமிழும் திறன் ஆகியன மாற்றம் அடைகின்றன. வேறொரு தனிமத்தைச் சேர்க்காமலேயே ஒரு பொருளின் மின், ஒளிப் பண்புகளை மாற்ற இயலும் என்பதால், திரிபு இன்று குறைக்கடத்திக் கருவிகளை வடிவமைப்பதில் ஒரு முதன்மையான வழியாக உள்ளது.

தொடக்கத்தில் திரிபு ஒரு குறையாகவே கருதப்பட்டது. திரிபுற்ற படலங்களில் பிளவுகளும் படிகக் குறைபாடுகளும் தோன்றிக் கருவிகள் பழுதடைந்தன. படலம் போதிய அளவு மெல்லியதாக இருந்தால் அது குறைபாடின்றித் திரிபைத் தாங்கும் என்பது அறியப்பட்ட பின்னர் இந்நிலை மாறியது. இன்று கணினிச் சில்லுகள், ஒளியிழைத் தொலைத்தொடர்பில் பயன்படும் சீரொளிகள் (லேசர்கள்), நீல நிற ஒளியுமிழ் இருமுனையங்கள் ஆகிய அனைத்திலும் திரிபு பங்கு கொள்கின்றது.

திரிபும் தகைவும்

ஒரு பொருளின் நீளத்தில் ஏற்படும் மாற்றத்தை அதன் தொடக்க நீளத்தால் வகுத்தால் கிடைப்பது திரிபு ஆகும். இது ஒரு விகிதம் என்பதால் இதற்கு அலகு இல்லை. பெரும்பாலும் விழுக்காட்டில் குறிக்கப்படும். அத்திரிபுக்கு எதிராகப் பொருளின் உள்ளே ஓர் அலகுப் பரப்பில் எழும் விசை தகைவு எனப்படும். இதன் அலகு பாஸ்கல். பொருள் நீண்டால் இழுதிரிபு என்றும், குறுகினால் அமுக்கத் திரிபு என்றும் கூறுவர். ஒரே திசையில் அமைவது ஓரச்சுத் திரிபு. ஒரு தளத்தின் இரு திசைகளிலும் சமமாக அமைவது ஈரச்சுத் திரிபு. மெல்லிய படலங்களில் காணப்படுவது பெரும்பாலும் ஈரச்சுத் திரிபே.

1 விழுக்காடு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் சிலிக்கான் படலம் ஒன்றை அதன் தளத்தில் 1 விழுக்காடு இழுப்பதற்கு ஏறத்தாழ 1.8 கிகாபாஸ்கல் தகைவு தேவைப்படும். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 18,000 மடங்கு ஆகும். பருமனான சிலிக்கான் துண்டு இத்தகைய இழுப்பைத் தாங்காமல் பொதுவாக உடைந்துவிடும். நானோ அளவில் மேற்பரப்பு விரிசல்களும் உட்குறைபாடுகளும் மிகக் குறைவு என்பதால் இந்த எல்லை உயர்கின்றது. சிலிக்கான் நானோ கம்பிகள் 10 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட இழுதிரிபைத் தாங்குவது 2016ல் சோதனை வழியாகக் காட்டப்பட்டது.

திரிபு தோன்றும் வழிகள்

அணிக்கோவைப் பொருத்தமின்மை

படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. திரும்பத் திரும்ப வரும் இவ்வடுக்கின் அடிப்படை நீளம் அணிக்கோவை மாறிலி எனப்படும். முதன்மையான சில குறைக்கடத்திகளுக்கு அறை வெப்பநிலையில் இதன் மதிப்புகள் பின்வருமாறு:

சிலிக்கான்: 0.5431 நானோமீட்டர்
காலியம் ஆர்சனைடு: 0.5653 நானோமீட்டர்
ஜெர்மானியம்: 0.5658 நானோமீட்டர்
அலுமினியம் ஆர்சனைடு: 0.5661 நானோமீட்டர்
இண்டியம் பாஸ்பைடு: 0.5869 நானோமீட்டர்
இண்டியம் ஆர்சனைடு: 0.6058 நானோமீட்டர்

ஒரு படிகத்தின் மீது மற்றொரு படிகத்தை, அணு வரிசை தொடருமாறு வளர்க்கும் முறை எபிடாக்சி எனப்படும். அடித்தளமாக உள்ள படிகம் தடித்திருப்பதால் அது மாறுவதில்லை; மேலே வளரும் மெல்லிய படலமே அடித்தளத்தின் அளவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கின்றது. காலியம் ஆர்சனைடும் அலுமினியம் ஆர்சனைடும் ஏறக்குறைய ஒரே அளவுடையவை என்பதால் அவற்றுக்கிடையே திரிபு மிகச் சிறிதே. சிலிக்கான் மீது ஜெர்மானியம் வளரும்பொழுது பொருத்தமின்மை ஏறத்தாழ 4 விழுக்காடு. காலியம் ஆர்சனைடு மீது இண்டியம் ஆர்சனைடு வளரும்பொழுது அது ஏறத்தாழ 7 விழுக்காடு.

தளத்தில் அமுக்கப்பட்ட படலம், செங்குத்துத் திசையில் நீளும். காலியம் ஆர்சனைடு போன்ற பொருள்களில், தளத்தில் 1 விழுக்காடு அமுக்கினால் செங்குத்தாக ஏறத்தாழ 0.9 விழுக்காடு நீட்சி ஏற்படும். ஆகவே படிகத்தின் கனசதுர அலகு, பருமன் சற்றுக் குறைந்த ஒரு நெட்டைச் செவ்வகப் பெட்டியாக மாறுகின்றது. பருமன் மாற்றம், வடிவ மாற்றம் ஆகிய இவ்விரண்டும் ஆற்றல் பட்டைகளில் வெவ்வேறு விளைவுகளை உண்டாக்குகின்றன.

மாறுநிலைத் தடிமன்

படலம் தடிக்கத் தடிக்க அதில் சேரும் மீள்தன்மை ஆற்றல் கூடிக்கொண்டே செல்லும். ஒரு கட்டத்தில், அணு வரிசை ஒன்று இடையில் அறுந்து நிற்கும் இடப்பிறழ்வு என்னும் குறைபாட்டை உண்டாக்குவது, திரிபைத் தாங்குவதைவிட ஆற்றல் அளவில் எளிதாகிவிடும். அந்தத் தடிமன் மாறுநிலைத் தடிமன் எனப்படும். இதனைத் தாண்டினால் படலம் இடப்பிறழ்வுகளின் வழியாகத் தளர்ந்து தன் இயல்பான அளவை நாடும். காலியம் ஆர்சனைடு மீது, 20 விழுக்காடு இண்டியம் கொண்ட இண்டியம் காலியம் ஆர்சனைடு படலத்துக்கு இத்தடிமன் ஏறத்தாழ 10 நானோமீட்டர் அளவில் உள்ளது. இடப்பிறழ்வுகள் எதிர்மின்னிகளையும் மின்துளைகளையும் ஒளி உமிழாமல் ஒன்றிணையச் செய்வதால் ஒளிக்கருவிகளுக்குக் கேடு விளைவிக்கின்றன. எனவே பயன்படக்கூடிய திரிபு என்பது மாறுநிலைத் தடிமனுக்கு உட்பட்டதே ஆகும்.

தாமாக உருவாகும் தீவுகள்

பொருத்தமின்மை மிகுதியாக இருக்கும்பொழுது படலம் மற்றொரு வழியையும் தேர்ந்துகொள்ளும். முதல் ஓரிரு அணு அடுக்குகள் சமதளமாக வளர்ந்த பின், பொருள் சிறு சிறு தீவுகளாகக் குவியத் தொடங்கும். தீவின் பக்கங்களும் உச்சியும் தடையின்றி விரிய இயலும் என்பதால் இடப்பிறழ்வு இல்லாமலேயே திரிபு ஓரளவு தளர்கின்றது. இது, 1938ல் இதனை முன்மொழிந்தவர்களின் பெயரால் இசுட்ரான்சுகி-கிராசுத்தனோவ் வளர்ச்சி என அழைக்கப்படுகின்றது. காலியம் ஆர்சனைடு மீது இண்டியம் ஆர்சனைடு ஏறத்தாழ 1.7 அணு அடுக்குகளைத் தாண்டியவுடன் தீவுகள் தோன்றுகின்றன. இத்தீவுகளே குவாண்டம் புள்ளிகளாகப் பயன்படுகின்றன.

வெளியிலிருந்து தரப்படும் திரிபு

கருவியின் மீது தகைவுள்ள மூடுபடலம் ஒன்றைப் படியச் செய்தல், வளையும் தாளின் மீது பொருளை ஒட்டி வளைத்தல், அழுத்தமின் படிகம் ஒன்றின் மீது பொருத்தி மின்னழுத்தத்தால் அப்படிகத்தை விரித்தல் போன்ற முறைகளாலும் திரிபை உண்டாக்கலாம். இறுதியாகக் கூறப்பட்ட முறையில் திரிபை வேண்டும்பொழுது கூட்டவும் குறைக்கவும் இயலும்.

வரலாறு

1949ல் பிராங்க், வான் டெர் மெர்வே ஆகிய இருவரும், பொருந்தாத இரு படிகங்களுள் மெல்லிய படலமானது அடித்தளத்தின் அளவை ஏற்று வளர இயலும் என்பதைக் கணித வழியில் காட்டினர். 1950ல் ஜான் பார்டீன், வில்லியம் ஷாக்லி ஆகியோர் உருமாற்ற நிலையாற்றல் என்னும் கருத்தை அறிமுகப்படுத்தினர். படிகம் உருமாறும்பொழுது பட்டையின் விளிம்பு எவ்வளவு நகரும் என்பதை இது அளவிடுகின்றது. 1954ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சார்லசு சுமித், சிலிக்கானிலும் ஜெர்மானியத்திலும் தகைவால் மின்தடை பெருமளவு மாறுவதைக் கண்டறிந்தார். அழுத்தமின்தடை விளைவு எனப்படும் இது, அழுத்த உணரிகளின் அடிப்படை ஆயிற்று.

1974ல் மேத்யூசு, பிளேக்சுலீ ஆகியோர் மாறுநிலைத் தடிமனைக் கணக்கிடும் முறையை வெளியிட்டனர். 1982ல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தைச் சேர்ந்த ஆசுபர்ன், பொருந்தாத படலங்களை மாறி மாறி அடுக்கித் திரிபையே பயனுள்ள பண்பாகக் கொள்ளலாம் என முன்மொழிந்தார். 1986ல் ஆடம்சு என்பவரும், தனியாக யாப்லனோவிச், கேன் ஆகியோரும், அமுக்கத் திரிபுள்ள குவாண்டம் கிணறுகள் சீரொளிகளுக்கு மிக ஏற்றவை என்பதைக் கோட்பாட்டு வழியில் விளக்கினர். 1992ல் திரிபுற்ற சிலிக்கானைக் கொண்டு புலவிளைவுத் திரிதடையங்கள் செய்து காட்டப்பட்டன. 2003ல் இன்டெல் நிறுவனத்தின் 90 நானோமீட்டர் தொழில்நுட்பத்தின் வழியாகத் திரிபுற்ற சிலிக்கான் பெருந்தொகை உற்பத்திக்கு வந்தது.

ஆற்றல் பட்டைகளில் ஏற்படும் மாற்றம்

குறைக்கடத்தியில் எதிர்மின்னிகள் நிரம்பிய இணைதிறன் பட்டைக்கும், அதற்கு மேலுள்ள கடத்துப் பட்டைக்கும் இடையே ஓர் ஆற்றல் இடைவெளி உண்டு. பொருள் உமிழும் ஒளியின் நிறத்தை முதன்மையாக இவ்விடைவெளியே உறுதி செய்கின்றது. திரிபு இரண்டு வழிகளில் இப்பட்டைகளைப் பாதிக்கின்றது.

பருமன் மாற்றத்தின் விளைவு: அணுக்கள் நெருங்கும்பொழுது காலியம் ஆர்சனைடு போன்ற நேரடி இடைவெளிக் குறைக்கடத்திகளில் ஆற்றல் இடைவெளி கூடுகின்றது, விலகும்பொழுது குறைகின்றது. காலியம் ஆர்சனைடை எல்லாப் பக்கங்களிலும் சமமாக அழுத்தினால், ஒவ்வொரு கிகாபாஸ்கலுக்கும் இடைவெளி ஏறத்தாழ 0.11 எலக்ட்ரான்வோல்ட் உயரும்.

வடிவ மாற்றத்தின் விளைவு: திரிபற்ற கனசதுரப் படிகத்தில், இணைதிறன் பட்டையின் உச்சியில் கனத்துளைப் பட்டை, இலேசுத்துளைப் பட்டை ஆகிய இரண்டும் ஒரே ஆற்றலில் ஒன்றியிருக்கும். ஒரே ஆற்றலில் இருப்பதற்குக் காரணம் படிகத்தின் சமச்சீர்மையே. ஈரச்சுத் திரிபு அச்சமச்சீர்மையைக் குலைப்பதால் இவ்விரண்டும் பிரிகின்றன. அமுக்கத் திரிபில் கனத்துளைப் பட்டை மேலே வரும். இழுதிரிபில் இலேசுத்துளைப் பட்டை மேலே வரும்.

எடுத்துக்காட்டாக, காலியம் ஆர்சனைடு தன் தளத்தில் 1 விழுக்காடு அமுக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். தளத்தின் இரு திசைகளிலும் 1 விழுக்காடு குறைகின்றது, செங்குத்தில் 0.9 விழுக்காடு கூடுகின்றது. எனவே பருமன் ஏறத்தாழ 1.1 விழுக்காடு குறைகின்றது. இப்பொருளின் பருமன் சார்ந்த உருமாற்ற நிலையாற்றல் ஏறத்தாழ 8.3 எலக்ட்ரான்வோல்ட் என்பதால், இடைவெளி ஏறத்தாழ 0.09 எலக்ட்ரான்வோல்ட் உயர்கின்றது. அதே வேளையில் இரு துளைப் பட்டைகளும் ஏறத்தாழ 0.06 எலக்ட்ரான்வோல்ட் அளவு பிரிகின்றன. கனத்துளைப் பட்டை இதில் பாதியளவு மேலெழுவதால், இறுதியில் காணப்படும் இடைவெளியின் உயர்வு ஏறத்தாழ 0.06 எலக்ட்ரான்வோல்ட் ஆகும். அதே அளவு இழுதிரிபில் இரு விளைவுகளும் ஒன்று சேர்வதால் இடைவெளி ஏறத்தாழ 0.12 எலக்ட்ரான்வோல்ட் குறைகின்றது. அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 0.026 எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே. துளைப் பட்டைகளின் பிரிவு இதனைவிடப் பெரிதாக உள்ளதால் அறை வெப்பநிலையிலும் அதன் பயன் கிடைக்கின்றது.

நானோ கட்டமைப்புகளில் இதனுடன் குவாண்டம் அடைப்பும் சேர்கின்றது. எதிர்மின்னி மிகச் சிறிய இடத்தில் அடைபடும்பொழுது அதன் ஆற்றல் உயர்வதே குவாண்டம் அடைப்பு. ஒளி அலைநீளத்தில் காணப்படும் மாற்றத்தில் அடைப்பின் பங்கு எவ்வளவு, திரிபின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிவது ஆய்வாளர்களின் முதன்மையான பணிகளுள் ஒன்று.

சிலிக்கான் திரிதடையங்கள்

சிலிக்கானின் கடத்துப் பட்டையில் ஒரே ஆற்றலுள்ள ஆறு பள்ளங்கள் உள்ளன. ஒவ்வொரு பள்ளத்திலும் எதிர்மின்னியின் பயனுறு நிறை திசைக்குத் திசை வேறுபடும். பள்ளத்தின் நெடுக்கில் அது தனி எதிர்மின்னியின் நிறையைப் போல் ஏறத்தாழ 0.92 மடங்கு, குறுக்கில் 0.19 மடங்கு. சிலிக்கான் படலத்தை அதன் தளத்தில் இழுத்தால், செங்குத்துத் திசையில் அமைந்த இரண்டு பள்ளங்கள் ஆற்றலில் தாழ்ந்தும் மற்ற நான்கும் உயர்ந்தும் பிரிகின்றன. எதிர்மின்னிகள் தாழ்ந்த இரண்டு பள்ளங்களில் குவிகின்றன. அவை தளத்தின் வழியே நகரும்பொழுது குறைந்த நிறையுடனேயே நகர்கின்றன. மேலும், ஒரு பள்ளத்திலிருந்து மற்றொன்றுக்குச் சிதறுவதும் குறைகின்றது. இவ்விரு காரணங்களாலும் நகர்திறன் கூடுகின்றது.

மின்துளைகளுக்கு நிலை வேறு. ஈரச்சு இழுதிரிபால் அவை பெறும் பயன், திரிதடையம் இயங்கும்பொழுது உள்ள வலிய மின்புலத்தில் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது. மாறாக, மின்னோட்டம் செல்லும் திசையில் ஓரச்சாக அமுக்கினால் துளைகளின் பயனுறு நிறை குறைந்து, வலிய புலத்திலும் அப்பயன் நிலைக்கின்றது. எனவே ஒரே சில்லில் இருவகைத் திரிதடையங்களுக்கும் எதிரெதிரான திரிபைத் தரவேண்டியதாயிற்று. இன்டெல்லின் 90 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில், துளைவகைத் திரிதடையத்தின் வாய்க்காலுக்கு இருபுறமும் பள்ளம் தோண்டி, ஏறத்தாழ 17 விழுக்காடு ஜெர்மானியம் கொண்ட சிலிக்கான்-ஜெர்மானியம் நிரப்பப்பட்டது. அளவில் பெரிய இக்கலவை நடுவிலுள்ள வாய்க்காலை இருபுறமிருந்தும் நெருக்குகின்றது. எதிர்மின்னி வகைத் திரிதடையத்தின் மீது இழுதகைவுள்ள சிலிக்கான் நைட்ரைடு மூடுபடலம் படியவைக்கப்பட்டது. இதனால் மின்னோட்டம் துளைவகையில் ஏறத்தாழ 25 விழுக்காடும், எதிர்மின்னி வகையில் ஏறத்தாழ 10 விழுக்காடும் உயர்ந்தது. திரிதடையத்தின் அளவைக் குறைக்காமலேயே கிடைத்த முன்னேற்றம் என்பதால் பின்வந்த தொழில்நுட்பங்களிலும் இம்முறை தொடர்ந்தது.

குவாண்டம் கிணற்றுச் சீரொளிகள்

குறைந்த இடைவெளியுடைய மெல்லிய படலம் ஒன்று, கூடிய இடைவெளியுடைய இரு படலங்களுக்கு நடுவே அமைந்தால் அது குவாண்டம் கிணறு எனப்படும். சீரொளி இயங்க வேண்டுமானால், கடத்துப் பட்டையிலும் இணைதிறன் பட்டையிலும் போதிய எண்ணிக்கையில் மின்னேற்பிகள் குவிய வேண்டும். திரிபற்ற கிணற்றில் துளைகளின் பயனுறு நிறை மிகுதி. எனவே துளைகள் பல ஆற்றல் நிலைகளில் பரவிக் கிடக்கின்றன. அவற்றை நிரப்பக் கூடிய மின்னோட்டம் தேவைப்படுகின்றது.

அமுக்கத் திரிபில் மேலே வரும் கனத்துளைப் பட்டை, பெயருக்கு மாறாக, கிணற்றின் தளத்தில் குறைந்த பயனுறு நிறையைக் கொண்டுள்ளது. செங்குத்துத் திசையில்தான் அது கனமானது. ஆகவே குறைந்த மின்னோட்டத்திலேயே சீரொளி தொடங்குகின்றது. ஒளி உமிழாமல் ஆற்றல் வீணாகும் ஓஜே நிகழ்வும் பொதுவாகக் குறைகின்றது.

ஒளியின் முனைவாக்கமும் திரிபைச் சார்ந்தது. அமுக்கத் திரிபுள்ள கிணறு, கிணற்றின் தளத்துக்கு இணையான முனைவாக்கமுள்ள ஒளியைப் பெருக்குகின்றது. இழுதிரிபுள்ள கிணறு, தளத்துக்குச் செங்குத்தான முனைவாக்கத்தை மிகுதியாகப் பெருக்குகின்றது. இரண்டையும் தக்கவாறு அமைத்து, எந்த முனைவாக்கத்தையும் சமமாகப் பெருக்கும் ஒளிப்பெருக்கிகள் செய்யப்படுகின்றன.

எர்பியம் கலந்த ஒளியிழைப் பெருக்கிகளுக்கு ஆற்றல் ஊட்டும் 980 நானோமீட்டர் சீரொளி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. காலியம் ஆர்சனைடின் இடைவெளி ஏறத்தாழ 870 நானோமீட்டர் அலைநீளத்துக்கு ஈடானது. இதனைவிட நீண்ட அலைநீளம் பெற இண்டியம் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அணிக்கோவை பொருந்தாது. மாறுநிலைத் தடிமனுக்கு உட்பட்ட திரிபுற்ற கிணறே இச்சிக்கலைத் தீர்த்தது.

குவாண்டம் புள்ளிகள்

காலியம் ஆர்சனைடில் புதைந்த இண்டியம் ஆர்சனைடு புள்ளிகள் பொதுவாக 10 முதல் 30 நானோமீட்டர் வரை அகலமும் சில நானோமீட்டர் உயரமும் கொண்டவை. பருமனான இண்டியம் ஆர்சனைடின் இடைவெளி அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 0.36 எலக்ட்ரான்வோல்ட். புள்ளிகளோ பெரும்பாலும் 0.95 முதல் 1.3 எலக்ட்ரான்வோல்ட் வரை ஆற்றலுள்ள ஒளியை உமிழ்கின்றன. அமுக்கத் திரிபும் குவாண்டம் அடைப்பும் சேர்ந்தே இவ்வுயர்வை உண்டாக்குகின்றன. புள்ளிகளை இண்டியம் காலியம் ஆர்சனைடால் மூடினால் அவற்றின் மீதுள்ள திரிபு குறைந்து, உமிழ்வு ஒளியிழைத் தொடர்புக்கு ஏற்ற 1.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை எட்டும்.

புதைந்த புள்ளியின் திரிபு அதைச் சூழ்ந்த படிகத்திலும் பரவும். அதன் மேல் வளரும் அடுத்த அடுக்கில் புதிய புள்ளிகள் பழைய புள்ளிகளுக்கு நேர் மேலேயே தோன்றுவதற்கு இதுவே காரணம்.

ஒரு புள்ளியில் எதிர்மின்னியும் துளையும் இணைந்த எக்சிட்டான், புள்ளியின் வடிவச் சமச்சீர்மை குறைவதால் சில முதல் சில பத்து மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் இடைவெளியுள்ள இரு நிலைகளாகப் பிரிகின்றது. குவாண்டம் தகவல் தொடர்புக்குத் தேவையான பின்னிய ஒளியன் (ஃபோட்டான்) இணைகளைப் பெற இப்பிரிவு ஏறக்குறைய இல்லாமற்போக வேண்டும். அழுத்தமின் படிகத்தால் தரப்படும் திரிபையும் மின்புலத்தையும் ஒருங்கே பயன்படுத்தி இப்பிரிவை நீக்கும் முறை 2012ல் செய்து காட்டப்பட்டது.

கரைசலில் வேதிமுறையால் உருவாக்கப்படும் புள்ளிகளிலும் திரிபு உண்டு. காட்மியம் டெலூரைடு உட்கருவின் மீது துத்தநாக செலினைடு ஓடு வளர்க்கும்பொழுது, ஓடு உட்கருவை அமுக்க, ஓடு தானே இழுபடுகின்றது. இதனால் எதிர்மின்னி ஓட்டிலும் துளை உட்கருவிலும் தங்குகின்றன. இம்முறையில் உமிழ்வைக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலிருந்து அண்மை அகச்சிவப்பு வரை நகர்த்தலாம் என்பது 2009ல் காட்டப்பட்டது.

நைட்ரைடுகளும் அழுத்தமின் புலமும்

காலியம் நைட்ரைடு, இண்டியம் நைட்ரைடு ஆகியன அறுகோணப் படிகங்கள். இவற்றில் நேர்மின், எதிர்மின் மையங்கள் இயல்பாகவே ஒன்றவில்லை. திரிபு இவ்விலகலை மேலும் மாற்றுகின்றது. இதனால் நீல, பச்சை ஒளியுமிழ் இருமுனையங்களின் இண்டியம் காலியம் நைட்ரைடு கிணறுகளில் சென்டிமீட்டருக்குப் பத்து இலட்சம் வோல்ட் என்னும் அளவிலான உள் மின்புலம் எழுகின்றது. 3 நானோமீட்டர் தடிமனுள்ள கிணற்றில் இது 0.3 வோல்ட் வேறுபாட்டைத் தரும். இப்புலம் எதிர்மின்னியைக் கிணற்றின் ஒரு பக்கத்துக்கும் துளையை மறுபக்கத்துக்கும் தள்ளுகின்றது. இரண்டும் சந்திக்கும் வாய்ப்புக் குறைவதால் ஒளி உமிழ்வு மெலிகின்றது; அலைநீளம் சிவப்பை நோக்கி நகர்கின்றது. மின்னோட்டத்தைக் கூட்டினால் திரளும் மின்னேற்பிகள் புலத்தை மறைப்பதால் நிறம் மீண்டும் நீலத்தை நோக்கி நகரும்.

பச்சை ஒளிக்கு இண்டியம் கூடுதலாகத் தேவை. அதனால் திரிபும் கூடும். பச்சை இருமுனையங்களின் திறன் நீலத்தைவிடக் குறைவாக இருப்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். புலம் எழாத படிகத் திசைகளில் கிணறுகளை வளர்ப்பது இதற்கு ஒரு தீர்வாக ஆராயப்படுகின்றது.

இதே விளைவு வேறோர் இடத்தில் நன்மையாகின்றது. காலியம் நைட்ரைடின் மீது இழுதிரிபுள்ள அலுமினியம் காலியம் நைட்ரைடு படலத்தை வளர்த்தால், மாசு அணுக்களைச் சேர்க்காமலேயே இடைமுகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 இலட்சம் கோடி எதிர்மின்னிகள் திரள்கின்றன. உயர் அதிர்வெண் திரிதடையங்களும் மின்திறன் மாற்றிகளும் இதனை அடிப்படையாகக் கொண்டவை.

ஜெர்மானியம்

ஜெர்மானியம் மறைமுக இடைவெளிக் குறைக்கடத்தி. எனவே ஒளியைத் திறம்பட உமிழாது. அதன் மறைமுக இடைவெளி ஏறத்தாழ 0.66 எலக்ட்ரான்வோல்ட்; நேரடி இடைவெளி 0.80 எலக்ட்ரான்வோல்ட். வேறுபாடு 0.14 எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே. இழுதிரிபில் நேரடிப் பள்ளம் விரைவாகத் தாழ்வதால், ஏறத்தாழ 2 விழுக்காடு ஈரச்சு இழுப்பில் ஜெர்மானியம் நேரடி இடைவெளிக் குறைக்கடத்தியாக மாறும் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. சிலிக்கான் சில்லின் மீதே சீரொளியை அமைக்கும் முயற்சியில் இது முதன்மை பெறுகின்றது. 2010ல் மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தினர், சிறிய இழுதிரிபும் மிகுதியான எதிர்மின்னிகளும் கொண்ட ஜெர்மானியத்தில் சீரொளி பெற்றதை அறிவித்தனர்.

நானோ கம்பிகளும் ஈரளவுப் பொருட்களும்

நானோ கம்பியின் பக்கங்கள் திறந்திருப்பதால், பொருந்தாத இரு பொருள்கள் அதன் நீளவாக்கில் இணையும்பொழுது திரிபு பக்கவாட்டில் தளர்கின்றது. எனவே படலங்களில் இயலாத இணைப்புகள் மெல்லிய கம்பிகளில் குறைபாடின்றி அமைகின்றன.

ஓரணு அல்லது சில அணுத் தடிமனுள்ள பொருட்கள் மேலும் பெரிய திரிபைத் தாங்கும். ஓரடுக்கு மாலிப்டினம் டைசல்பைடின் ஒளி இடைவெளி, ஓரச்சு இழுப்பில் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் ஏறத்தாழ 0.045 எலக்ட்ரான்வோல்ட் குறைவது 2013ல் அளவிடப்பட்டது. டங்ஸ்டன் டைசெலினைடு அடுக்கை நானோ தூண்களின் மீது படரவிட்டால், தூணின் உச்சியில் திரிபுற்ற இடங்கள் ஒவ்வொரு முறையும் ஓர் ஒளியனை மட்டும் உமிழ்கின்றன. இடைவெளி இல்லாத கிராபீனில் திரிபு காந்தப்புலத்தைப் போலவே செயற்படுகின்றது. 2010ல் கிராபீன் குமிழ்களில் 300 டெஸ்லாவுக்கும் மேற்பட்ட காந்தப்புலத்துக்கு ஈடான விளைவு காணப்பட்டது.

அளவிடுதலும் கணக்கிடுதலும்

எக்சு-கதிர் விளிம்பு விளைவின் மூலம் அணிக்கோவை மாறிலியை நேரடியாக அளக்கலாம். இராமன் நிறமாலையில், சிலிக்கானின் 520 அலையெண் கோடு இழுதிரிபில் தாழ்ந்தும் அமுக்கத் திரிபில் உயர்ந்தும் நகரும். இவ்விடமாற்றத்திலிருந்து திரிபு கணக்கிடப்படுகின்றது. இதற்கு அடிப்படையான ஒளிச்சிதறலைச் சந்திரசேகர வெங்கட ராமன் 1928ல் கண்டறிந்தார். ஊடுருவு எதிர்மின்னி நுண்ணோக்கியால் தனி ஒரு திரிதடையத்தின் வாய்க்காலில் உள்ள திரிபையும் வரைபடமாக்க இயலும்.

கோட்பாட்டு வழியில், சில நானோமீட்டருக்கு மேற்பட்ட அமைப்புகளுக்குப் பீர், பிக்கசு ஆகியோர் வகுத்த முறையில் திரிபைச் சேர்த்த கே.பி. முறை பெரிதும் பயன்படுகின்றது. மிகச் சிறிய அமைப்புகளுக்கு ஒவ்வோர் அணுவின் இடத்தையும் கருதும் முறைகள் தேவைப்படுகின்றன.

வரம்புகள்

திரிபின் பயன், படிகம் அதனைத் தாங்கும் வரை மட்டுமே கிடைக்கும். உற்பத்தியின்போது உயர் வெப்பநிலைக்கு ஆட்பட்டால், மாறுநிலைத் தடிமனுக்கு அருகிலுள்ள படலங்களில் இடப்பிறழ்வுகள் தோன்றித் திரிபு தளர்ந்துவிடும். படலத்தைக் குறுகிய பட்டைகளாக வெட்டும்பொழுது விளிம்புகள் விரிவதாலும் திரிபு குறையும். குவாண்டம் புள்ளிகளின் அளவும் திரிபும் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடுவதால் அவை உமிழும் ஒளியின் நிறமாலை அகன்றுவிடுகின்றது. திரிதடையங்கள் சிறுக்கச் சிறுக்க, வாய்க்காலை நெருக்கும் பொருளுக்கான இடமும் சுருங்குவதால் அதே அளவு திரிபைத் தருவது கடினமாகி வருகின்றது.